செவிலியராக வாழ்ந்த அம்மாவுக்கு நினைவுரை எழுதுவது எப்படி?

கேள்வி:
என் அம்மா சென்ற வாரம் தமது 91ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 36 ஆண்டுகள் செவிலியராகப் பணிபுரிந்தவர். ஆலயப் பாடகர் குழுவில் அதைவிட நீண்ட காலம் பாடியவர். நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். நினைவு ஆராதனையில் ஐந்து நிமிடம் பேசும் பொறுப்பை உடன்பிறந்தோர் என்னிடம் ஒப்படைத்துள்ளனர். எழுத உட்கார்ந்தால் ‘அன்பானவர், தியாக உள்ளம் கொண்டவர்’ என்ற சொற்களே வருகின்றன; அவை யாருக்கும் பொருந்தும், அம்மாவின் முகம் அவற்றில் தெரியவில்லை. இன்னொரு தயக்கமும் உண்டு. பல கிறிஸ்துமஸ் இரவுகளில் அவர் வார்டில்தான் இருந்தார். சிறுவனாக அதற்காக நான் அழுததையும், அவரிடம் பேசாமல் இருந்ததையும் ஆலயத்தில் சொல்லலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரின் பதில்:
சகோதரரே, உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். அந்தக் காலத்துப் பணி எத்தகையது என்பதை இன்றைய இளையவர்கள் அறிய வாய்ப்பில்லை. அதைச் சற்று விவரித்தாலே உங்கள் அம்மா யார் என்பது விளங்கிவிடும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள் பரவலாக வருவதற்கு முன்பு, கண்ணாடி சிரிஞ்சுகளைக் கழுவிக் கொதிக்கவைத்து, மழுங்கிய ஊசிமுனையைக் கல்லில் தீட்டி, கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பவுடர் தூவி, மறுபடியும் கிருமி நீக்கம் செய்து அடுக்கிவைப்போம். பென்சிலினைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் விழித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக டார்ச் வெளிச்சத்தைக் கையால் மறைத்தபடி நள்ளிரவில் கட்டில் கட்டிலாகச் செல்வோம்.

கிறிஸ்துமஸ் இரவில் வார்டில் இருப்பவர்கள், அன்றைக்குக்கூட வீட்டுக்கு அனுப்ப முடியாத அளவுக்கு நலிந்தவர்கள். நீங்கள் அழுததைத் தயங்காமல் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளும் அழுதார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் டியூட்டிக்குக் கிளம்பினோம்.

சபை மூப்பர் ஒருவரின் பதில்:
வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில், தொற்காள் என்ற சீஷி இறந்தபோது நடந்ததை வாசித்துப் பாருங்கள். யோப்பாவின் விதவைகள் அவளுடைய குணங்களை விவரித்ததாக அங்கே எழுதப்படவில்லை. அவள் தங்களோடு இருந்தபோது செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவிடம் காண்பித்து அழுதார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம் என்பது என் எண்ணம்: அவர் கைப்பட்டவற்றைக் காட்டுங்கள்.

ஆலயம் ஒரு பகுதி, மருத்துவமனை ஒரு பகுதி என்று உரையைப் பிரிக்க வேண்டாம். இந்தப் பணியின் வரலாற்றிலேயே இரண்டும் பிணைந்துள்ளன. ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் 1836இல் பெண்களுக்கு நோயாளர் பராமரிப்பைக் கற்பிக்கத் தொடங்கியவர் தியோடர் ஃபிளீட்னர் என்ற போதகர். 1851இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பயிற்சி பெற்றதும் அங்கேதான். இதை உரையில் சேர்க்கச் சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கு வார்டும் ஆராதனையின் தொடர்ச்சியாகவே இருந்திருக்கக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மற்றொரு பதில்:
அழுததோடு நிறுத்திவிட்டால் கேட்பவர்களுக்கு அது குறையாகத் தோன்றலாம். மறுநாள் காலை அவர் திரும்பிவந்த பிறகு என்ன நடந்தது?

கேட்டவரின் மறுமொழி:
அந்தக் கேள்விக்கு நன்றி. நேற்றிரவு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்து வாசனையோடு வந்து, உறங்காமல், சீருடையை மாற்றிக்கொண்டு எங்களை ஆராதனைக்கு அழைத்துச் செல்வார். பாடகர் குழுவில் நின்று பாடி முடித்ததும் எங்கள் வரிசைக்கு வந்து அமர்ந்து, பிரசங்கம் தொடங்கிய சிறிது நேரத்தில் என் தோளில் சாய்ந்து உறங்கிவிடுவார். கோபம் முழுவதும் தீராமலேயே, அவர் விழித்துவிடக் கூடாது என்று நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். உரையை அங்கிருந்து தொடங்கப் போகிறேன்.