நகையை மீட்பதா, மூன்று வட்டிக் கைக்கடனை முடிப்பதா?

கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கர் தேயிலை, வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். மாதம் சுமார் 24,000 வரும். தனிநபர் கடன் பாக்கி 1,40,000. தவணை 6,270, இன்னும் 26 மாதம். நகைக்கடன் 90,000, ஆண்டுக்கு 12 சதவீதம், பிப்ரவரியில் கெடு. கைக்கடன் 40,000, மூன்று வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய். மாதம் 1,200 கட்டியும் அசல் அசையவில்லை.

ஜூனிலிருந்து நோட்டுப் போட்டுச் செலவு எழுதுகிறேன். கேபிளை நிறுத்தியாச்சு, ஹீட்டருக்குப் பதில் விறகடுப்பு வெந்நீர், வீட்டுக்குப் பின்னால் பீன்ஸ், கேரட். எல்லாம் போக 3,500 மிஞ்சுகிறது. தவணையைக் குறைக்க வங்கியில் கேட்டேன், முடியாது என்றார்கள். அடகில் இருப்பது அம்மா போட்ட வளையல்கள், ஏலத்துக்குப் போகவே கூடாது.

பிப்ரவரியில் வட்டி 10,800 மட்டும் கட்டி நகையை மறு அடகு வைத்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் கைக்கடனுக்குப் போடலாமா?