ஒளிப்பழக்கல், நீவாட்டுப் பழக்கல்: சொற்பரிந்துரை

ஐயாவுக்கும் குழு அன்பர்களுக்கும் வணக்கம்.

புதிதாக வந்த மென்பவளத்தை (கல்போன்ற கூடு இல்லாத பவளம்) வீட்டுத் தொட்டியின் வெளிச்சத்துக்கும் நீரோட்டத்துக்கும் மெல்ல மெல்லக் கொண்டுவருவதற்குத் (ஆங்கிலத்தில் acclimation) 'தகவமைப்பு' என்ற சொல்லே போதும் என்றீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒட்டகத்துக்குத் திமில் வந்த கதையைச் சொல்லும் சொல் அது. தலைமுறை தலைமுறையாக நடப்பது. தொட்டியில் நடப்பது இரண்டு மூன்று வார வேலை.

நான் ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கிறேன். இங்கிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கே எதையும் எடுக்கக் கூடாது. என்னிடம் இருப்பது நண்பரின் தொட்டியில் வளர்ந்த தோல்பவளத்தில் (தோல்போல் இருக்கும் மென்பவளம்) வெட்டிய துண்டு. முதல் துண்டை நேரே விளக்கின் கீழ், மேல்கல்லில் வைத்துவிட்டேன். சில நாளில் வெளிறிப்போய்விட்டது. அதன் சதைக்குள் இருந்து சோறு போடும் நுண்பாசி, மிதமிஞ்சிய வெளிச்சத்தில் வெளியேறிவிடும். 2016இல் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தது கடல் சூடேறியதால். காரணம் வேறு, ஆனால் போவது அதே பாசிதான்.

அடுத்த துண்டை அடிமணலில் வைத்து, விளக்கைப் பாதியாகக் குறைத்து, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றினேன். ஐந்தாம் நாள் விரல்போல் நீட்டியிருந்த நுண்கைகளை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆறிய பாலில் ஆடை படிவதுபோல் மேலே மெழுகாய் ஒரு படலம். செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஓட்டம் பட்டுப் பட்டு அந்த ஆடை ஓரத்தில் கிழிந்து, ஒருநாள் காலையில் மொத்தமாக உரிந்து போனது. அடியில் புதுத்தோல், அப்புறம் மறுபடி விரல்கள்.

இங்கே அது பழகியது, நான் பழக்கினேன். பால் ஆறுவது, நாம் அதை ஆற்றுவது போலப் பழகு–பழக்கு. காளையை ஏருக்குப் பழக்குகிறோமே, அதே சொல். பவளத்தின் பங்கு 'பழகல்', வளர்ப்பவர் பங்கு 'பழக்கல்'. வெளிச்சத்துக்குப் பழக்குவது ஒளிப்பழக்கல். 'இணக்கப்படுத்தல்' என்று வைத்தாலோ, இந்த இரண்டில் வளர்ப்பவர் பங்கு மட்டும்தான் தெரிகிறது.

சரி, ஓட்டத்துக்கு என்ன சொல்? நீரோட்டம் ஆற்றுக்கும் உண்டு, வாய்க்காலுக்கும் உண்டு. கடலோடிகள் கடலின் ஓட்டத்தை 'நீவாடு' என்பார்கள். வட்டாரச் சொல் என்று தள்ள வேண்டாம். கடலைத் தினம் பார்ப்பவர்கள் வைத்த சொல்லைவிட எது பொருந்தும்? இங்கே அமைதியான பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் அலை மிகுந்த மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. பெண்கடலில் இருந்ததை ஒரே நாளில் ஆண்கடலில் இறக்கிவிடுவதுபோல, புதுத் துண்டைத் தொட்டியில் நீரைத் தள்ளும் மோட்டாரின் வாய்க்கு நேரே வைக்கக் கூடாது. மோட்டாரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால், நீர் மோதிச் சிதறி நாலாபக்கமும் வரும். அதுதான் நீவாட்டுப் பழக்கல். வீடு 'வீட்டு' ஆவதுபோல நீவாடு 'நீவாட்டு' ஆகிறது.

பையில் வந்த பவளத்துக்குத் தொட்டி நீரைக் குழாய்வழி சொட்டுச்சொட்டாக விடுகிறோமே, அதைச் 'சொட்டுப்பழக்கல்' எனலாமா? ஐயா சொல்லுங்கள்.