வீட்டில் ஸ்பேனர் பிடிக்கிறவன் வண்டியைக் கொல்கிறானாம்!

முதுநகர்_காஸ்ட்அயர்ன்
நேற்று சாயங்காலம் கடலூர் சில்வர் பீச்சில் நம் பைக் குரூப் ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி ரொம்ப சத்தமாகச் சொன்னார்: "வீட்டில் ஸ்பேனர் பிடிக்கிறவன் எல்லாம் வண்டியைக் கொல்கிறான், ஷோரூமில் விட்டு ஜாப் கார்டில், அதாவது வேலைச் சீட்டில், கையெழுத்துப் போட்டு வாங்குவதுதான் மெயின்டனன்ஸ்." பெயர் சொல்லவில்லை, அவரும் இங்கே இருக்கிறார். தம்பி, உங்களுக்கு என்ன வயதோ அதே வயதுதான் என் புல்லட்டுக்கும். 1996ல் வாங்கியது. 2011 தானே புயலையும் பார்த்தது, 2015 வெள்ளத்தையும் பார்த்தது, இன்று காலையும் இரண்டாவது உதையில் எழுந்தது. ஷோரூம் வாசலை மிதித்து எத்தனையோ வருடம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை துறைமுகம் வரை ஒரு ரவுண்டு போய் எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு வருவேன். பழைய பேசினை அடியில் வைத்து, எஞ்சின் அடியில் ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்டைக் கழற்றினால் ஆயில் தண்ணீர் மாதிரி இறங்கும். அது வடிகிற நேரத்தில் அந்த போல்டில் ஆயில் கசியாமல் அடைக்கிற செம்பு வாஷரை இடுக்கியால் பிடித்து அடுப்பில் காட்டுவேன், மங்கலாகச் சிவந்ததும் டம்ளர் தண்ணீரில் போட்டால் சுர்ரென்று ஒரு சத்தம், வாஷர் புதுசு. பைசா செலவு கிடையாது. இதையெல்லாம் எந்த ஷோரூமில் செய்கிறார்கள்?

பாகூர்க்காரன்
பெயர் சொல்லாமல் விட்டதற்கு நன்றி அண்ணே, நான்தான் அது. சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம். பதினைந்து இருபது ரூபாய் வாஷரை சமைக்கிற அடுப்பில் சுட்டுத் திரும்பப் போடுவதற்குப் பெயர் மெயின்டனன்ஸா? போன செஞ்சி ரைடில் திண்டிவனம் டீக்கடை வாசலில் உங்கள் வண்டிக்கு அடியில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்ததே, டீக்கடைக்காரர் மண் அள்ளிப் போட்டாரே, அது அடுப்பில் காட்டிய வாஷர்தானே?

முதுநகர்_காஸ்ட்அயர்ன்
அது டிரெயின் போல்ட் இல்லை. பிரைமரி செயின் கேஸ், எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகிற செயினை மூடியிருக்கும் பெட்டி. காஸ்ட் அயர்ன் எஞ்சின் பழைய புல்லட் வைத்திருப்பவனைக் கேளுங்கள், செயின் கேஸ் சொட்டவில்லை என்றால் உள்ளே ஆயில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். டிரெயின் போல்டில் ஒரு சொட்டு வராது.

லாஸ்பேட்டை_ரைடர்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி தண்ணீரில் முக்கினால் கெட்டியாகும். அரிவாள் அடிக்கிற பட்டறையில் போய் நின்றால் தெரியும். அப்புறம் செம்பு மட்டும் எப்படி இளகும்? அடுப்பில் காட்டி முக்கினால் வாஷர் இன்னும் கெட்டியாகித்தான் சொட்டும். பாகூர் அண்ணன் சொல்வதுதான் சரி.

முதுநகர்_காஸ்ட்அயர்ன்
தம்பி, அரிவாளையும் வாஷரையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். உங்கள் வண்டியில் ஏர் ஃபில்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

சிப்காட்_ஃபிட்டர்
இருபது வருடமாக பைப்லைன் வேலை பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். எஃகு முக்கினால் கெட்டியாவது அதில் இருக்கும் கார்பனால். செம்புக்கு அந்தக் கதை கிடையாது. செம்பு அழுத்த அழுத்தக் கெட்டியாகும், ஒருமுறை இறுக்கிய வாஷர் அப்படித்தான் விறைத்துப் போகிறது. சூடு காட்டினால் பழையபடி இளகும். இளக்குவது சூடுதான், தண்ணீர் இல்லை. தண்ணீரில் போடுவது சீக்கிரம் ஆறுவதற்கும் மேலே படிந்த கறுப்புச் செதில் உதிர்வதற்கும்தான். அப்படியே தரையில் வைத்து ஆறவிட்டாலும் இளகித்தான் இருக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் நிறைய வண்டிகளில் அலுமினியம் வாஷர். அது சிவக்கவே சிவக்காது. சிவக்கட்டும் என்று காத்திருந்தால் 660 டிகிரியில் உருகி பர்னரில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் புதுசு வாங்கிப் போடுவதுதான் வழி.

அப்புறம் முதுநகர் அண்ணே, 2022ல் என்னிடம் வாங்கிப்போன 17 ரிங் ஸ்பேனர் எங்கே?

முதுநகர்_காஸ்ட்அயர்ன்
கேட்டுக்கொண்டீர்களா லாஸ்பேட்டை? ஃபிட்டரே சொல்லிவிட்டார், சூடு காட்டினால் இளகும். நான் 30 வருடமாகச் செய்வது. வழக்கு முடிந்தது.

பாகூர்க்காரன்
எங்கே முடிந்தது? தண்ணீரில் போட்டதும் புதுசு என்று நீங்கள் எழுதினீர்கள், இளக்குவது தண்ணீர் இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார். அலுமினியத்தைப் புதுசாகத்தான் போட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். என் வண்டியில் அலுமினியம். ஆக உங்கள் அடுப்பு வைத்தியம் 1996 மாடலுக்கு மட்டும். எல்லோரும் வீட்டில் செய்யுங்கள் என்று ஊருக்கு உபதேசம் பண்ணாதீர்கள். நாளைக்கு ஒரு பையன் அலுமினியத்தை அடுப்பில் வைப்பான், அவன் அம்மா உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

தேவனாம்பட்டினம்_உப்பு
மெயின்டனன்ஸ் என்று எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் பேசிக்கொள்ளலாமே. கடல் பக்கம் இருக்கிற எங்களுக்கு ஆயில் மாற்றுவது ஆறு மாதக் கதை, உப்புக் காற்று தினசரிக் கதை. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் செயினுக்கு லூப் அடிக்காவிட்டால் ஸ்போக்கும் சைலன்சரும் பொரிந்துவிடும். எந்த ஷோரூமும் வாரா வாரம் இதைச் செய்யாது, செய்யவும் முடியாது. அதே சமயம் ஏபிஎஸ், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற கருவி, அதன் விளக்கு எரிந்தால் நான் வீட்டில் என்ன செய்வது? கழுவுவது நான், ஏபிஎஸ் அவர்கள். இதில் சண்டை எங்கே வருகிறது?

முதுநகர்_காஸ்ட்அயர்ன்
உப்பு தம்பி, அது தனி விஷயம். இங்கே வாஷரைப் பற்றிப் பேசுகிறோம்.

வில்லியனூர்_ஜாப்கார்டு
ஒரு சர்வீஸ் சென்டரில்தான் வேலை செய்கிறேன், எது என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை காலையில் எங்களுக்கு என்ன வரும் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆயில் மாற்றிய வண்டிகள். அலுமினியம் எஞ்சின் கேஸில் ஒரு முழ நீளக் கம்பியை ஸ்பேனரில் மாட்டி இறுக்கினால் மரை உரிந்துகொண்டு வரும். மேனுவலில் இறுக்க வேண்டிய அளவு 24 நியூட்டன் மீட்டர் என்றிருக்கும், இவர்கள் முழு உடம்பையும் போட்டு இறுக்கியிருப்பார்கள். பிறகு உரிந்த மரைக்குப் பதிலாக ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளைப் போட வேண்டும், இல்லாவிட்டால் கேஸையே மாற்ற வேண்டும். வாஷர் பழசாகிவிட்டது, அதனால் சொட்டுகிறது, சொட்டுகிறதே என்று இன்னும் இறுக்குகிறார்கள், மரை போகிறது. இருபது ரூபாயைப் பார்த்து ஆயிரங்களில் போய் முடிகிறது. இன்னொரு கூட்டம் கார் ஆயிலை ஊற்றிவிட்டு கிளட்ச் வழுக்குகிறது என்று வரும். ஐயா, பெரும்பாலான பைக்கில் கிளட்ச் அதே ஆயிலில்தான் குளிக்கிறது, டப்பாவில் அதற்கு ஏற்ற ஆயில் என்று காட்டும் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முதுநகர்_காஸ்ட்அயர்ன்
வாங்க ஜாப்கார்டு, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். என் மகள் ஸ்கூட்டர் வாங்கியபோது வாரண்டி போய்விடும் என்று வீட்டில் எல்லோரும் கத்தியதால் என்னைத் தொடவிடவில்லை. சரி, சர்வீஸுக்கு விட்டோம். எங்கே என்று சொல்ல மாட்டேன். விடுவதற்கு முந்தின ராத்திரி மகளின் நெயில் பாலிஷை எடுத்து டிரெயின் போல்டுக்கும் கேஸுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்து வைத்தேன். சிவப்பு. மறுநாள் சாயங்காலம் பில் வந்தது: எஞ்சின் ஆயில், கியர் ஆயில், வாஷர் 1, லேபர், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துக் குனிந்து பார்க்கிறேன், கோடு முடி அளவுக்குக்கூட விலகவில்லை. போல்டைத் தொடவே இல்லை ஐயா! வாஷர் 1 என்று பில்லில் இருக்கிறது, அந்த வாஷர் எந்த வண்டிக்குப் போனது? பில்லோடு போய்க் கேட்டால், "பம்ப் வைத்து மேல் வழியாக உறிஞ்சி எடுத்தோம் சார்" என்கிறார். அப்படியென்றால் வாஷர் எதற்கு?

நான் சுட்டுப் போட்டாலும் வாஷரைக் கழற்றியாவது பார்க்கிறேன்.

வில்லியனூர்_ஜாப்கார்டு
ஒருத்தர் செய்ததற்கு எல்லோரையும் சொல்வதா? நான் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

லாஸ்பேட்டை_ரைடர்
நெயில் பாலிஷ் ஐடியா சூப்பர், அடுத்த சர்வீஸுக்கு செய்து பார்க்கிறேன். (ஏர் ஃபில்டர் இடது பக்கம்.)

பாகூர்க்காரன்
கதை நன்றாக இருக்கிறது, ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை. திண்டிவனத்தில் சொட்டியதா இல்லையா?

பெரிய வேலை வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் சொல்லுங்கள். 2024ல் ஃபெஞ்சல் புயல் அடித்து, சாத்தனூர் அணைத் தண்ணீரைத் தென்பெண்ணையில் திறந்து, எங்கள் பக்கம் இடுப்பளவு நின்றது. எதிர்வீட்டுக்காரர் உங்களை மாதிரிதான், எல்லாம் எனக்குத் தெரியும் என்பவர். தண்ணீர் வடிந்ததும் செல்ஃபை அழுத்தினார். சிலிண்டருக்குள் தண்ணீர், கனெக்டிங் ராடு வளைந்தது. நான் தொடவே இல்லை, ஷோரூமுக்குப் போன் போட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினேன். இன்றைக்கும் ஓடுகிறது.

முதுநகர்_காஸ்ட்அயர்ன்
எத்தனை நாளில் வந்தது? அதையும் சொல்லுங்கள். உங்கள் வாயாலேயே போன வருடம் சொன்னீர்கள், வரிசையில் நின்று மூன்று வாரம் கழித்து வந்தது, அதுவரை டவுன் பஸ். 2015ல் என் வண்டி ஹேண்டில்பார் வரை முழுகியது. பிளக்கைக் கழற்றினேன், கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்தினேன், பிளக் ஓட்டை வழியாக நீரூற்று மாதிரி தண்ணீர் வந்தது. கார்புரேட்டர், டேங்க் எல்லாவற்றையும் வடித்தேன். ஆயிலைத் திறந்தால் பால் காபி நிறம். மலிவான ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு வடித்தேன், மறுபடி ஊற்றி வடித்தேன், மூன்றாவது தடவைதான் நிறம் தெளிந்தது. மூன்று தடவையும் அதே வாஷர். மூன்று தடவையும் அடுப்பில் காட்டினேன். சொட்டவில்லை.

தேவனாம்பட்டினம்_உப்பு
அந்த மூன்று தடவை ஆயிலை எங்கே ஊற்றினீர்கள் அண்ணே?

முதுநகர்_காஸ்ட்அயர்ன்
அது எதற்கு இப்போது? வேலிக் காலுக்குக் கொஞ்சம் தடவினேன், கரையான் வராது. மீதி அந்தப் பக்கம்.

தேவனாம்பட்டினம்_உப்பு
அந்தப் பக்கம் என்றால் கால்வாய். கால்வாய் என்றால் உப்பனாறு. நாங்கள் மீன் பிடிக்கிற தண்ணீர். பழைய ஆயில் சட்டப்படியே அபாயக் கழிவு, கேனில் பிடித்து வைத்து எடுக்கிற ஆளிடம் கொடுக்க வேண்டும். சர்வீஸ் சென்டரிலாவது டிரம்மில் பிடிக்கிறார்கள்.

பாகூர்க்காரன்
இதுதான் நான் சொன்னது! ஷோரூமில் எல்லாம் முறைப்படி நடக்கும்.

சிப்காட்_ஃபிட்டர்
அந்த டிரம் பிறகு எங்கே போகிறது என்று ஜாப்கார்டு சொல்லட்டும். நான் நிறைய டிரம் பார்த்திருக்கிறேன்.

வில்லியனூர்_ஜாப்கார்டு
எனக்கு டூட்டி இருக்கிறது, சாயங்காலம் வருகிறேன்.

முதுநகர்_காஸ்ட்அயர்ன்
ஓடிவிட்டார் பாருங்கள். பாகூர் தம்பி, நீங்கள் முறை என்று பேசுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. புதுச்சேரியில் வரி குறைவு என்று உங்கள் மச்சான் பிஒய் 01ல் பதிவு செய்து வருடம் முழுக்க கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓட்டுகிறாரே, அது எந்த முறை?

பாகூர்க்காரன்
மச்சானை ஏன் இழுக்கிறீர்கள்? பெட்ரோலில் சில ரூபாய் மிச்சம் என்று எல்லை தாண்டி கன்னிக்கோயில் வரை வந்து எங்கள் பங்க்கில் டேங்க் நிரப்பிப் போகிற டிஎன் 31 கடலூர் வண்டிக் கூட்டத்தில் நீங்களும் ஒருவர், நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் நிரப்பிக்கொண்டு போன இடத்திலும் ஆயில் சொட்டு கிடந்தது.

முதுநகர்_காஸ்ட்அயர்ன்
செயின் கேஸ்!

லாஸ்பேட்டை_ரைடர்
அண்ணே, வாரண்டி இருக்கும்வரை ஷோரூம், முடிந்ததும் வீடு என்று வைத்துக்கொண்டால் என்ன?

முதுநகர்_காஸ்ட்அயர்ன்
வாரண்டி முடிவதற்குள் போல்டைத் தொடத் தெரியாமல் போய்விடும் தம்பி. கை பழக வேண்டும்.

பாகூர்க்காரன்
வாரண்டி முடிந்த பிறகும் எனக்கு ஷோரூம்தான். என் ஞாயிற்றுக்கிழமையை பேசினுக்கு அடியில் கழிக்க முடியாது.

புதுவரவு_அரியாங்குப்பம்
வணக்கம். என்னுடையது 100 சிசி பைக். ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் திருகிவிட்டுப் பார்க்க வேண்டுமா, சும்மா வைத்து எடுத்தால் போதுமா? வீட்டில் ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

சிப்காட்_ஃபிட்டர்
பொதுவாகத் திருகாமல் வைத்துத்தான் பார்க்க வேண்டும், மேனுவலிலும் போட்டிருக்கும். எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, குச்சியைத் துடைத்து வைத்து எடுங்கள். திருகிவிட்டால் குச்சி இன்னும் கீழே இறங்கும், ஆயில் இருக்கிற அளவைவிட அதிகமாகக் காட்டும்.

முதுநகர்_காஸ்ட்அயர்ன்
குச்சியெல்லாம் இருக்கட்டும் தம்பி, டிரெயின் போல்டில் என்ன வாஷர் என்று பாருங்கள். செம்பா, அலுமினியமா?

பாகூர்க்காரன்
அரியாங்குப்பம், அவர் பேச்சைக் கேட்டு அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள்.

முதுநகர்_காஸ்ட்அயர்ன்
வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் ஆயில் மாற்றுகிறேன். சந்தேகம் இருக்கிறவர்கள் வாருங்கள். வாஷரை உங்கள் கண் முன்னால் சுட்டு, உங்கள் கையாலேயே மாட்டச் சொல்கிறேன். அடியில் வெள்ளைத் தாள் விரித்து ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிடலாம்.

பாகூர்க்காரன்
தாளை எந்த இடத்தில் விரிப்பீர்கள்? போல்டுக்கு அடியில் மட்டுமா, செயின் கேஸுக்கும் சேர்த்தா?

முதுநகர்_காஸ்ட்அயர்ன்
போல்டுக்கு அடியில்.

பாகூர்க்காரன்
அதானே பார்த்தேன்.

சிப்காட்_ஃபிட்டர்
நான் வருகிறேன். 17 ரிங் ஸ்பேனரையும் எடுத்து வையுங்கள்.