17 வருட கோடிங்குக்குப் பிறகு கை ஓடவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனத்தில் ஜாவா டெவலப்பராக இருக்கிறேன். வயது 41. இரவு ஒன்பதரைக்கு அமெரிக்க டீமோடு ஃபோன் கால், காலையில் மறுபடி ஸ்டாண்ட்-அப் என்கிற தினசரி குட்டி மீட்டிங். போன வாரம் நாலு வரி மாற்றினால் முடிகிற ஒரு பக், அதாவது கோடில் ஒரு பிழை. ஃபைலைத் திறந்து வைத்து நாற்பது நிமிடம் கர்சர் மினுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதே வேலையை ராத்திரி முழுக்க ஆசையாக உட்கார்ந்து செய்தவன் நான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை, அதாவது வேலை அழுத்தத்தால் முழுக்கச் சோர்ந்துபோவதை, நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாக வகைப்படுத்தியது. தீராத களைப்பு, வேலைமேல் கசப்பு, திறமை குறைந்துவிட்ட உணர்வு என்று அது சொல்லும் மூன்றும் எனக்கு இருக்கின்றன. ஒரு வாரம் லீவு போட்டும் பார்த்தேன். திங்கட்கிழமை லேப்டாப்பைத் திறந்ததும் நெஞ்சில் அதே கனம்.

இதிலிருந்து மீண்டவர்கள் இருக்கிறீர்களா? வேலையை விட்டீர்களா, சம்பளமில்லா விடுப்பு கேட்டீர்களா, இல்லை டீம் மாறினீர்களா? எனக்கு வீட்டுக்கடன் இன்னும் 6 வருடம் இருக்கிறது, நோட்டீஸ் பீரியட் 90 நாள். அப்புறம், சென்னையில் ஐடி வேலையின் நெருக்கடி புரிந்த மனநல ஆலோசகர் யாரையாவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். மனைவியிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. நீங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எப்படி ஆரம்பித்தீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.