உள்ளான் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது, ஞாயிற்றுக்கிழமை வகுப்பைத் தொடரலாமா?

கேணிக்கரைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரத்தில் ஞாயிறுதோறும் ஒரு பறவை பார்க்கும் வகுப்பு நடக்கிறது. மழை தொடங்கியதும் சேர்ந்தேன், ஆறாவது படிக்கும் மகளும் கூட வருகிறாள். சக்கரக்கோட்டை கண்மாயிலும் தேர்த்தங்கலிலும் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன் எல்லாம் பெரிய உருவம், ஒருமுறை பார்த்தால் மறக்காது. கடற்கரைக்குப் போனால்தான், உள்ளான் என்கிற அந்தச் சின்னச் சின்னக் கரைப்பறவைகளைப் பார்த்துத் தலை சுற்றுகிறது.

போன வாரம் தனுஷ்கோடிப் பக்கம், ஒரே காலையில் கோதண்டராமர் கோயில், முகுந்தராயர் சத்திரம், அரிச்சல்முனை, திரும்பும் வழியில் பிள்ளைமடம் என்று நாலு இடம். வேனை விட்டு இறங்கு, பார், ஏறு. சார் "அதோ கிரீன்ஷாங்க், இந்தப் பக்கம் சாண்ட் ப்ளோவர்" என்று சொல்லிக்கொண்டே போகிறார், நான் நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தால் பறவை இல்லை. பழுப்பாக ஏதோ ஓடுகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வருத்தம். பெரிய லென்ஸ் வைத்திருந்த இரண்டு பேர் படத்துக்காகத் தண்ணீருக்குள்ளேயே நடந்து போனார்கள், பூநாரைக் கூட்டம் மொத்தமும் கிளம்பிவிட்டது. என் மகள் அப்போதுதான் பைனாகுலரைக் கையில் வாங்கியிருந்தாள்.

சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய 10x50 பைனாகுலர் ஒரே கனம், காற்றில் ஆடுகிறது. ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் இதெல்லாம் ஆகுமா, இல்லை கண்மாயோடு நிறுத்திக்கொள்ளலாமா?

மண்டபம் மாலுமி

அக்கா, நிறுத்தாதீங்க. நானும் முதல் வருஷம் நோட்டு நிறைய பெயர் எழுதினேன், ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை. அடுத்த வருஷம் ஒரே ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டேன், ரெட்ஷாங்க். பவளக்காலி என்பார்கள். நம் கரையில் குளிர்காலம் முழுக்க இருக்கும், ஆள் பக்கத்தில் போனால் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும். கால் ஆரஞ்சு கலந்த சிவப்பு. பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் பட்டையாக வெள்ளை தெரியும், அது ஒன்று போதும்.

அதை நன்றாகத் தெரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் "அதைவிட" என்று வந்துவிடும். அதைவிடக் கொஞ்சம் உயரம், அலகு லேசாக மேல்நோக்கி, கால் பச்சை என்றால் கிரீன்ஷாங்க். சிட்டுக்குருவி அளவுக்குக் குட்டியாக, தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே போனால் கொசு உள்ளான். அலை வாங்கும்போது பின்னாலேயே ஓடி, அலை வந்ததும் திரும்பி ஓடி வருவது சாண்டர்லிங். கல்லையும் பாசியையும் அலகால் புரட்டிப் போட்டால் கல்திருப்பி உள்ளான். நிறத்தைப் பார்க்காதீங்க, குளிர்காலத்தில் பாதிக்கு மேல் ஒரே சாம்பல்தான். நடையைப் பாருங்க.

ஸ்கோப் வேண்டாம். 8x42 பைனாகுலர் வாங்குங்க, முதல் எண்தான் உருப்பெருக்கம். உருப்பெருக்கம் கூடக் கூட கை ஆடுவதும் கூடும், இந்தக் காற்றில் பத்துக்கு மேல் போனால் வீண்.

வடகடல் பையன்

நாங்கள் பாம்பனில் தொழில் செய்கிற குடும்பம், நான் வகுப்புக்கெல்லாம் போனதில்லை, சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நீரையும் காற்றையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இங்கே நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு, ஆனாலும் தட்டையான சேற்றுக்கு அதுவே பெரிய வித்தியாசம். நீர் வத்தி இருக்கும்போது பறவை எங்கேயோ தூரத்தில் சிதறிக் கிடக்கும். நீர் ஏற ஏற அதுவே உங்களை நோக்கி நகர்ந்து வரும், நீங்கள் நகரவே வேண்டாம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வத்துவதும் ஏறுவதும் ரெண்டும் அதிகம்.

அப்புறம் வாடை. பெண் கடல் என்று பெயர் வாங்கியது வடகடல், ஆனால் மார்கழி வாடையில் பொங்குவது அதுதான். ஆண் கடல் என்கிற தென்கடல் அப்போது சாதுவாகக் கிடக்கும். காற்று ஓங்கி அடிக்கிற நாளில் தென்கரையில் மறைவான இடமாகப் பாருங்கள். வெயிலை முதுகில் வாங்குகிற மாதிரி நில்லுங்கள், எதிர் வெயிலில் எல்லாமே கறுப்புப் பொம்மை.

சாயல்குடி டீச்சர்

படக்காரர்கள் விஷயம் எனக்கும் எரிச்சல்தான். பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது, தண்ணீர் மேல் பத்திருபது எட்டு ஓடித்தான் மேலே ஏறும். தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுகிற பறவை, ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் அதன் சாப்பாட்டு நேரம் போகிறது. 2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. வகுப்பு நடத்துகிறவரிடம் நேராகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வனத்துறைக்குச் சொல்லலாம், அதில் தப்பே இல்லை.

மகளைச் சித்திரங்குடி பறவைகள் சரணாலயத்துக்கும் கூட்டிப் போங்கள். கண்மாயில் தண்ணீர் இருக்கிற வருஷம் பறவைகள் கருவேல மரங்களில் கூடு கட்டும், குஞ்சு இரை கேட்டுக் கத்துவதைக் கரையில் நின்றே கேட்கலாம். மழை பொய்த்தால் போகாதீர்கள், வெறும் கட்டாந்தரை. பொங்கல் நாலு நாளும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்ததை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்ற வேண்டும். நாலு இடம் ஓடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. எங்கள் பிள்ளைகள் மொட்டைமாடியில் நின்றே செய்தார்கள், காக்கையும் மைனாவும்தான் வந்தது, அதுவும் கணக்குத்தான்.

கேணிக்கரைக்காரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பு வேன் அரிச்சல்முனைக்குப் போனது, நாங்கள் இரண்டு பேரும் சாரிடம் சொல்லிவிட்டு வழியிலேயே ஒரு குட்டை ஓரம் இறங்கிக்கொண்டோம். சாருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது, சரி போகட்டும். முதல் அரை மணி நேரம் ஒன்றும் இல்லை, மகள் சலித்துப்போய் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். பிறகு நீர் ஏறத் தொடங்கியதும் பாம்பன் தம்பி சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாகக் கிட்ட வந்தன. பவளக்காலி ஏழு. ஒன்று கத்திக்கொண்டு எழும்பியபோது அந்த வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிந்தது, "அம்மா, சாக்பீஸில் கோடு போட்ட மாதிரி" என்றாள். பக்கத்தில் உயரமாக இன்னொன்று நின்றது. கிரீன்ஷாங்க் என்று நானே சொன்னேன், வேன் திரும்பி வந்தபோது சார் ஸ்கோப்பில் பார்த்துவிட்டு ஆமாம் என்றார்.

லென்ஸ்காரர்களைப் பற்றியும் சொன்னேன். இனி கரையை விட்டு இறங்கக் கூடாது என்று வேனிலேயே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டார். ஒருவர் என்னை முறைத்தார்.

10x50-ஐச் சித்தப்பாவிடமே கொடுத்துவிட்டேன். ராமநாதபுரம், பரமக்குடி பக்கம் யாரிடமாவது பழைய 8x42 விற்பனைக்கு இருந்தால் பொங்கலுக்கு முன்னால் சொல்லுங்கள்.