மறு: கிரானி ஸ்கொயர் – பாட்டிச் சதுரமா, கொத்துக்கட்டமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குரோஷேயில், அதாவது ஒற்றைக் கொக்கியால் நூலைப் பின்னும் கைவேலையில், பூப்போட்ட சின்ன ஜிப் பர்ஸ் ஒன்றின் செய்முறையைத் தமிழில் எழுதித் தரக் கேட்டார்கள். கிரானி ஸ்கொயர் (நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் பின்னும் சதுரத் துண்டு) போன்ற ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழில் நாலு சொல் கேட்டு நான் போட்ட மடலுக்கு இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. அகராதி போடுவது என் நோக்கமில்லை. எங்கள் மகளிர் குழுவில் கைவேலை தெரிந்தவர்கள் நிறைய, ஆங்கிலச் செய்முறை படிப்பவர்கள் குறைவு. தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பின்ன வேண்டும். அந்தக் கண்ணோடுதான் உங்கள் யோசனைகளைப் பார்த்தேன். மடலின் வரிகளுக்குக் கீழேயே பதில் எழுதுகிறேன்.

> பாட்டிச் சதுரம் என்று நேராகவே வைத்துவிடலாமே. பாட்டி வைத்தியம் என்று சொல்கிறோம்தானே?

ஐயா, பாட்டியின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. டிவிக்கு மேலே, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு, சோபா முதுகுக்கு என்று வீடு முழுக்கக் குரோஷா விரிப்பு போட்டு வைத்த தலைமுறை நம் பாட்டிகள்தான். ஆனால் அவர்கள் பின்னியது பெரும்பாலும் மெல்லிய வெள்ளை நூலில் வட்ட விரிப்பு, லேஸ் கரை. மிச்சம் மீதிக் கம்பளி நூலைத் தீர்ப்பதற்காகச் சதுரம் சதுரமாகப் பின்னிப் போர்வையாக ஒட்டுவது குளிர்நாட்டு வழக்கம். அச்சில் வந்ததாகத் தெரியும் மிகப் பழைய மாதிரி 1885இல் பிரெய்ரி ஃபார்மர் என்ற அமெரிக்கப் பண்ணை இதழில் வந்தது. அந்த ஊர்ப் பாட்டியைக் கூட்டிவந்து நம் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தால், பெயர் மட்டும் இருக்கும், எதைப் பின்னுவது என்று அந்தப் பெயரிலிருந்து ஒன்றும் தெரியாது.

'சதுரம்' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்குச் சதுரம் என்றால் நூறு சதுர அடி. "பத்து சதுரம் போடு" என்று குழுவில் சொன்னால் சித்தாள் வேலைக்குப் போகிற அக்காக்கள் சிரிக்கிறார்கள். 2016 ஜனவரியில் சென்னையில் விரித்துக் கின்னஸ் பெற்ற குரோஷே போர்வை 11,148.5 சதுர மீட்டர். கொத்தனார் கணக்கில் அது 1200 சதுரம் வருகிறது! அதுவும் பலபேர் தனித்தனியே பின்னிக் கொடுத்த சதுரங்களை இணைத்ததுதான். ஆக அந்தச் சொல்லை வடிவத்தைச் சொல்ல மட்டும் வைத்துக்கொண்டு, பின்னிய துண்டுக்குக் 'கட்டம்' என்று எழுதியிருக்கிறேன். கட்டம் போட்ட சேலை, கட்டம் போட்ட சட்டை என்று துணியோடு ஏற்கெனவே பழகிய சொல்.

> பூக்கட்டம் அழகாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அழகுதான் அக்கா, அதில் சந்தேகமே இல்லை. இந்தப் பர்ஸுக்கு அது சரியாகவும் பொருந்தும், ஏனென்றால் நடுவில் பூ வருகிறது. ஆனால் கிரானி ஸ்கொயர் எல்லாவற்றிலும் பூ கிடையாது. அடிப்படை மாதிரியில் இருப்பது மூன்று மூன்றாகச் சேர்ந்து நிற்கும் கண்ணிகளும் (ஸ்டிச்), நடுவில் சின்னச் சின்ன ஓட்டைகளும், நாலு மூலையும்தான். அந்த மூன்று சேர்ந்த கூட்டத்தைக் கொத்து என்பதைவிடப் பொருத்தமாக எப்படிச் சொல்வது? ஒரே இடத்தில் வேர்விட்டு மேலே விரிகிறது. வேப்பம்பூக் கொத்தும் சாவிக்கொத்தும் அப்படித்தான். எனவே பொதுப்பெயர் கொத்துக்கட்டம். நடுவில் பூ வைத்தால் அதன் ஒரு வகை, பூக்கட்டம். இரண்டும் வேண்டும்.

கொத்து என்றால் பரோட்டா ஞாபகம் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டும். பசித்தால் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பின்னலாம்.

> பின்னல் என்று மட்டும் சொன்னால் போதும். நாகர்கோவில் பக்கம் லேஸ் வேலையைக்கூடப் பின்னல் என்றுதான் சொல்கிறோம்.

அதனால்தான் போதாது என்கிறேன். நாகர்கோவிலில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த லேஸ், திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய பல குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அதில் கொக்கியே இல்லை. ஸ்வெட்டர் பின்னுவது இரண்டு நீள ஊசியில். சடையும் பின்னல், பனையோலைப் பெட்டியும் பின்னல். ஒற்றைக் கொக்கியால், ஒரு நேரத்தில் ஒரு கண்ணியை மட்டும் பிடித்துக்கொண்டு போவது குரோஷே. ஆந்திராவில் நரசாபுரம் பக்கத்துப் பெண்கள் தொழிலாகவே செய்வது இதைத்தான். கொக்கிப் பின்னல் என்று அடைமொழியோடு ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு தாள் முழுக்கப் பின்னல் என்றே எழுதலாம். குரோஷா என்று சொல்கிறவர்களை யாரும் திருத்தப் போவதில்லை.

யாழ்ப்பாணத்து நண்பர் கொக்கியை 'கொளுக்கி' என்று எழுதியிருந்தார். "நூலைக் கொளுவி இழுங்கோ" என்ற அவர் வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. குமரி மாவட்டத்திலும் கொளுக்கி உண்டு. எங்கள் பக்கம் கொக்கிதான் புழக்கம் என்பதால் தாளில் கொக்கி, ஆனால் செய்யும் வேலைக்கு 'கொளுவு' என்ற வினையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். 'இன்சர்ட் தி ஹூக்' என்று வரும் இடத்தில் எல்லாம் 'கொக்கியை உள்ளே செலுத்தவும்' என்று எழுதி எழுதி அலுத்துப்போயிருந்தது.

இனி முக்கியமான விஷயம். இதில்தான் எனக்குப் பிடிவாதம்.

> சிங்கிள் குரோஷே – ஒற்றைத் தையல், டபுள் குரோஷே – இரட்டைத் தையல், ட்ரெபிள் – மும்மைத் தையல். சுருக்கமாக முடிந்துவிடும்.

முடியாது ஐயா, அங்கேதான் தகராறே தொடங்கும். அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதை ஆங்கிலேயர்கள் டபுள் என்கிறார்கள். அமெரிக்க டபுள்தான் ஆங்கிலேய ட்ரெபிள். ஒரே பெயர், இரண்டு உயரம். நம்மிடம் இரண்டு வகைச் செய்முறையும் கலந்து கிடக்கின்றன. பிரிட்டிஷ் முறைப் புத்தகம் பார்த்துக் கற்றவரும் அமெரிக்க முறை யூடியூப் பார்த்துக் கற்றவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து 'டபுள்' போட்டால், ஒருவர் கட்டம் பிஸ்கட் மாதிரிக் குட்டையாகக் கெட்டியாக இருக்கும், மற்றவருடையது உயரமாக நெகிழ்ந்து நிற்கும். இரண்டையும் சேர்த்து ஒரு பர்ஸ் தைக்க முடியுமா? 'இரட்டைத் தையல்' என்று மொழிபெயர்த்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே தமிழுக்குக் கொண்டுவருகிறோம்.

பெயரைப் பார்க்காமல் கையைப் பார்த்தால் வழி கிடைக்கிறது. கண்ணியின் உயரத்தைத் தீர்மானிப்பது, கொளுவுவதற்கு முன் கொக்கியின் மேல் நூலை எத்தனை தடவை போடுகிறோம் என்பது. அந்தப் போடுதலுக்குச் 'சுற்று' என்றுதான் முதலில் எழுதினேன். ஆனால் வட்டமாகப் பின்னிவரும் ஒவ்வொரு வரிசைக்கும் சுற்று என்ற பெயர் தேவைப்படுகிறது. 'மூன்றாம் சுற்றில் ஒரு சுற்று போட்டு' என்று எழுதினால் பின்னுகிறவருக்குத் தலை சுற்றும். கொக்கியில் நூலை ஏற்றுகிறோம், ஆகவே ஏற்று. நூல் ஏற்றாமல் பின்னுவது குறுங்கண்ணி. ஒருமுறை ஏற்றினால் ஓரேற்றுக் கண்ணி, இருமுறை ஏற்றினால் ஈரேற்றுக் கண்ணி. ஒருமுறை ஏற்றிக் கொளுவி இழுத்தபின், கொக்கியில் நிற்கும் மூன்று வளையத்தையும் இரண்டு தவணையாக விடாமல் ஒரே இழுப்பில் விட்டுவிட்டால் அரையேற்று. அமெரிக்காவும் வேண்டாம், இங்கிலாந்தும் வேண்டாம். பெயரைப் படித்தாலே எத்தனை தடவை நூல் ஏற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தையல் என்பதை ஏன் கண்ணி ஆக்கினேன் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். தையல் என்றால் துணியில் ஊசி குத்துவது. இந்தப் பர்ஸில் அதற்கும் வேலை இருக்கிறது, கடைசியில் ஜிப் வைக்கும்போது. வலைக்குக் கண்ணி உண்டு, சங்கிலிக்குக் கண்ணி உண்டு, பழைய பாட்டில் தலையில் சூடும் பூமாலையும் கண்ணிதான். வளையத்துக்குள் வளையம் கோத்து வரும் வேலைக்கு இது பொருந்தும்.

மேஜிக் ரிங்குக்கு 'மாய வளையம்' என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அதில் மாயம் ஒன்றும் இல்லை. நூலை விரலில் வளைத்து, அதற்குள்ளேயே கண்ணிகளைப் பின்னிவிட்டு, வால்நூலைப் பிடித்து இழுத்தால் நடு ஓட்டை மூடிக்கொள்ளும். சுருக்குப் பை வாய் மூடுகிற அதே வித்தை. சுருக்கு வளையம் என்று எழுதினேன். குழுவில் யாருமே விளக்கம் கேட்கவில்லை.

> கொத்து என்பதை கிளஸ்டருக்கு வைத்திருக்க வேண்டும். நீங்கள் வேறு எதற்கோ கொடுத்துவிட்டீர்கள்.

கூர்மையான கேள்வி. செய்முறைகளில் கிளஸ்டர் என்று வருவது பெரும்பாலும் தலைப்பக்கம் ஒன்றாக மூடிய கண்ணிகள். கொத்துக்கட்டத்தில் வருவதோ அடியில் சேர்ந்து தலை விரிந்து நிற்பவை. இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது. தலை மூடியதை மொட்டு என்று வைத்துக்கொண்டேன். விரிந்தால் கொத்து, மூடினால் மொட்டு. இந்தப் பர்ஸில் பூவின் இதழ்களே மொட்டுகள்தான்.

கண்ணிகளுக்கு நடுவே வரும் 'ஸ்பேஸ்' என்பதற்கு 'இடைவெளி' என்பதே மரியாதையான சொல் என்று ஐயா எழுதியிருந்தார். மரியாதை சரி. ஆனால் ஒரு பக்கத்தில் இருபது தடவை வருகிற சொல். 'சந்து' என்று எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

சொற்களை வேலைக்கு விட்டுப் பார்ப்போம். பூக்கட்டம் ஒன்று இப்படி வருகிறது. நூல் நடுத்தரப் பருத்தி, கொக்கி 3 மி.மீ.:

சுருக்கு வளையத்தில் 3 சங்கிலி (செயின்) போடவும்; அது முதல் ஓரேற்றாகக் கணக்கு. அதே வளையத்தில் இன்னும் 11 ஓரேற்று, ஆக 12. வளையத்தை இழுத்து மூடி, இணைப்புக் கண்ணியால் (ஸ்லிப் ஸ்டிச்) சேர்க்கவும். இரண்டாம் சுற்றுக்கு நூலின் நிறம் மாற்றவும். கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு சந்திலும், மூன்று ஓரேற்றைத் தலைசேர்த்து ஒரு மொட்டு. மொட்டுக்கு மொட்டு 2 சங்கிலி. 12 மொட்டு வரும், இதுவே பூ. மூன்றாம் சுற்றில் வட்டம் சதுரமாகும்: ஒரு சந்தில் மூலை, அதாவது ஒரு கொத்து (மூன்று ஓரேற்று), 2 சங்கிலி, மறுபடி ஒரு கொத்து, அடுத்த இரண்டு சந்திலும் ஒவ்வொரு கொத்து, இப்படி நாலு முறை. நான்காம் சுற்றில் கொத்துக்கும் கொத்துக்கும் நடுச் சந்தில் ஒவ்வொரு கொத்து, மூலைகள் முன்போலவே. கடைசிச் சுற்று முழுக்கக் குறுங்கண்ணி, மூலைக்கு மூன்று.

இப்படி இரண்டு கட்டம். நனைத்துப் பிழிந்து, மூலைகளில் குண்டூசி குத்திக் காயவிட்டால் படிமானமாக நிற்கும். பிளாக்கிங் என்பதற்குப் 'படியவைத்தல்' என்று போட்டிருக்கிறேன், தையல்காரர்கள் சொல்லும் 'படிமானம்' அதற்குத் துணை. பிறகு இரண்டையும் முதுகோடு முதுகு வைத்து மூன்று பக்கம் குறுங்கண்ணியால் மூடினால் பை தயார்.

ஜிப்புக்கு 'பற்பிணை', 'இழுவைப் பூட்டு' என்றெல்லாம் வந்த யோசனைகளை மரியாதையோடு ஒதுக்கி வைக்கிறேன். கடையில் போய் என்ன கேட்பார்களோ அதைத்தான் எழுத முடியும்: ஜிப், ரன்னர். பவுச் என்ற சொல்லும் வேண்டாம். சுருக்குப் பை என்றால் கயிறு இழுப்பது என்று அர்த்தமாகிவிடும். பர்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஜிப் வைக்கும் பத்தியில் சொல்லைவிட எச்சரிக்கைதான் அதிகம் தேவைப்பட்டது. பின்னல் இழுபடும், ஜிப் பட்டை இழுபடாது. பின்னலை இழுத்துப் பிடித்துத் தைத்தால், கையை விட்டதும் வாய்ப்பக்கம் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். ஜிப்பை மூடிவைத்து இருபுறமும் குண்டூசி குத்திச் சமமாக்கி, பிறகு பாதி திறந்துகொண்டு கெட்டித் தையல் போட வேண்டும், பல்லிலிருந்து ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தள்ளி. ஒட்டித் தைத்தால் ரன்னர் நூலைக் கடிக்கும். நைலான் ஜிப் நீளமாக இருந்தால், வேண்டிய இடத்தில் பல்லின் குறுக்கே நூலை ஏழெட்டுத் தடவை சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு மிச்சத்தை வெட்டலாம். உள்ளே லைனிங் கட்டாயம், இல்லாவிட்டால் சில்லறை எல்லாம் சந்து வழியே போய்விடும்.

மேலே உள்ளதில் ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று தாளை ஜெராக்ஸ் போடக் கொடுக்கிறேன். குறிப்பாக 'அரையேற்று' எனக்கே முழுத் திருப்தியில்லை. அதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் மாற்றிக்கொள்ளத் தயார். 'ஸ்டிச் மார்க்கர்' பற்றி யாரும் எழுதவில்லை. கண்ணியை அடையாளம் வைக்க எங்கள் குழுவில் எல்லோரும் வளையலிலிருந்து கழற்றி மாட்டுவது ஊக்கைத்தான், அதனால் ஊக்கு என்றே எழுதிவிட்டேன்.