ஈரப்பத சென்சார் அசையவில்லை, கிணற்றில் நீர்மட்டம் ஏறுகிறது: எதை நம்புவது?

மண்புழு_22:
வணக்கம். மழைநீர் நிலத்தடிக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று அளக்க 30, 60, 100, 150 செ.மீ. ஆழங்களில் ஈரப்பத சென்சார் புதைத்திருக்கிறேன். நீர்மட்டம் சுமார் 6 மீட்டரில். மழை பெய்தால் 30 உடனே ஏறுகிறது, 60 கொஞ்சம் தாமதமாக. 100, 150 இரண்டும் மூன்று வாரமாக 22 சதவீதத்திலேயே நிற்கின்றன. அப்படியென்றால் கீழே ஒன்றும் இறங்கவில்லை என்றுதானே அர்த்தம்? ஆனால் பக்கத்துக் கண்காணிப்புக் கிணற்றில் 20 செ.மீ. ஏறியிருக்கிறது. குழப்பமாக இருக்கிறது.

ஊற்றுக்கண்:
சென்சார் பொய் சொல்லவில்லை. ஆனால் அது காட்டுவது அந்த இடத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை மட்டும்தான். மேலிருந்து வருகிற அளவே கீழே போய்க்கொண்டிருந்தாலும் 22 என்றுதான் காட்டும்.

நகர்வு தெரிய வேண்டுமானால் அதே ஆழங்களில் டென்சியோமீட்டர் வையுங்கள் (நீர் நிரப்பிய குழாய், நுனியில் பீங்கான் முனை; மண் நீரை எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்று காட்டும்). ஒரு கணக்கு பாருங்கள். 100 செ.மீ.யில் மண்ணின் உறிஞ்சல் 80 செ.மீ. நீர் உயரத்துக்குச் சமம் (ஏறக்குறைய 8 கிலோபாஸ்கல்), 150-ல் 60 என்று வைத்துக்கொள்வோம். ஆழத்தையும் சேர்த்தால் மேலே −180, கீழே −210. நீர் எப்போதும் குறைந்த எண்ணை நோக்கித்தான் நகரும். கீழ்மண் மேல்மண்ணைவிட ஈரமாக இருந்தும் நீர் கீழ்நோக்கித்தான் போகிறது! 50 செ.மீ. தூரத்தில் 30 செ.மீ. வித்தியாசம், அதாவது சரிவு 0.6. இதை அந்த ஈரத்தில் மண் நீரைக் கடத்தும் திறனால் பெருக்கினால் ஓட்டம் கிடைத்துவிடும். திறன் நாளுக்கு 1 மி.மீ. என்றால் ஓட்டம் 0.6 மி.மீ.

சிக்கல் அந்தத் திறனில்தான். 1907-லேயே எட்கர் பக்கிங்காம் என்ற இயற்பியலாளர் சொல்லிவிட்டார், அது மண்ணின் ஈரத்தோடு சேர்ந்து மாறும் என்று. ஈரம் 30-லிருந்து 20 சதவீதத்துக்கு வந்தால் திறன் பாதியாவதில்லை, நூறில் ஒன்றாகக்கூட விழும். முதலில் காலியாவது பெரிய துளைகள், நீரை வேகமாகக் கடத்துபவையும் அவைதான். அதனால் உங்கள் மண்ணை எடுத்தே ஆய்வகத்தில் அளக்க வேண்டும், புத்தக அட்டவணையை நம்பி இறங்காதீர்கள்.

மண்புழு_22:
மிக்க நன்றி, இப்போதுதான் புரிகிறது. சரி, அப்போது கிணற்றில் ஏறியது இந்த மழைநீர்தானா?

நீரோட்டம்:
பெரும்பாலும் இல்லை. 150 செ.மீ.யிலிருந்து 6 மீட்டர் வரை 4.5 மீட்டர் மண். முழுவதும் 22 சதவீதம் என்றே வைத்தால் அதற்குள் ஏறக்குறைய 990 மி.மீ. நீர் ஏற்கெனவே நிற்கிறது. ஆண்டுக்கு 60 மி.மீ. இறங்கினால் இன்றைய மழை அடிமட்டத்தைத் தொட 16 ஆண்டு ஆகும். மேலே புதிதாக வருவது பழையதைத் தள்ளுகிறது, கிணற்றுக்கு வருவது அந்தப் பழைய நீர். இன்னொன்று, கனமழையில் மேல்மண் நிரம்பி உள்ளே காற்று சிக்கினால், அந்த அழுத்தத்தாலும் கிணற்று மட்டம் சட்டென்று ஏறி, ஓரிரு நாளில் இறங்கிவிடும். உங்கள் 20 செ.மீ. நிலைத்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கணக்கில் சேருங்கள்.

இறங்கும் அளவை அளக்க எனக்குப் பிடித்த வழி புரோமைடு, நீரோடு சேர்ந்தே நகரும் ஓர் உப்பு. வேர்கள் எட்டாத ஆழத்தில் கொஞ்சம் செலுத்தி, ஓர் ஆண்டு கழித்து மண்ணைத் துளைத்தெடுத்து, 10 செ.மீ. துண்டுகளாக வெட்டிச் சோதித்தோம். உப்பின் நடுப்பகுதி 27 செ.மீ. கீழே போயிருந்தது. அங்கும் ஈரம் 22 சதவீதம்தான். பெருக்கினால் 59 மி.மீ. பக்கத்திலேயே டென்சியோமீட்டர் கணக்கு ஏறக்குறைய இருமடங்கு காட்டியது, நான் உப்பையே நம்பினேன்.

களிவெடிப்பு:
மேலே சொன்னதெல்லாம் நீர் சீராக இறங்கும் மண்ணுக்கு. களிமண்ணில் வெடிப்பு இருந்தால், பழைய வேர்த்துளை இருந்தால், நீர் சென்சாருக்குப் பக்கவாட்டிலேயே இறங்கிப் போய்விடும், சென்சாருக்குத் தெரியவே தெரியாது. ஒரு முறை நீலச் சாயம் கலந்த நீரை ஊற்றி மறுநாள் குழி தோண்டிப் பாருங்கள். நாங்கள் தோண்டியபோது மேலே 15 செ.மீ. சீரான நீலம், அதற்குக் கீழே வேர்த்துளை வழியாக 1 மீட்டர் வரை நூல் போல ஒரே ஒரு கோடு. சுற்றியிருந்த மண் காய்ந்தே கிடந்தது!

மண்புழு_22:
எங்களுடையது வண்டல் கலந்த மணல், வெடிப்பு இல்லை. டென்சியோமீட்டரே வாங்குகிறேன். வைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஊற்றுக்கண்:
பீங்கான் முனைக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. அதே மண்ணைச் சேறாகக் குழைத்துத் துளையில் ஊற்றி அதில் அழுத்துங்கள். நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு நிரப்புங்கள், இல்லாவிட்டால் குமிழி சேரும். 85 கிலோபாஸ்கலுக்கு மேல் மண் காய்ந்தால் உள்ளே காற்று புகுந்துவிடும், வறண்ட காலத்தில் 30 செ.மீ.யில் இருப்பதை அடிக்கடி நிரப்ப வேண்டி வரும். கம்பியும் குழாயும் போகிற துளையை நன்றாக இடித்து மூடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஓரம் வழியாக மழை நேராக முனைக்கு வந்துவிடும். உங்கள் 60 செ.மீ. சென்சாரின் ஓரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.